ஆர்.ஜி.3 கதை முழங்காலோடு முடிந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் எப்படியும் ஒருநாள் ஆர்.ஜி.3 என்ற பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். 2012இல் வாஷிங்டன் நகரமே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2015இல் அதே அணியில் அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆட இடமில்லை. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால் "முழங்கால்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். எனக்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பாதிக்காகவே இந்தக் கேள்வி பதில்.

யார் இவர்? பெயரில் ஏன் அந்த 3?

மூன்றாம் ராபர்ட் கிரிஃபின் என்பது முழுப்பெயர். களத்தில் அவர் இடம் குவார்ட்டர்பேக். அப்பா, தாத்தா இருவருக்கும் அதே பெயர் என்பதால் இவர் மூன்றாமவர். பெற்றோர் இருவரும் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட்டுகள். அவர்கள் ஜப்பானின் ஒகினாவா தீவில் பணியில் இருந்தபோது, 1990 பிப்ரவரி 12 அன்று பிறந்தார். வளர்ந்தது டெக்சஸ் மாநிலத்தின் கோப்பரஸ் கோவ் என்ற சிற்றூரில். பந்தைத் தொட்டிராவிட்டாலும் அவரைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்கள். 2008இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் அரையிறுதிவரை போனவர் அவர். அப்போது வயது 18.

குவார்ட்டர்பேக் என்பவர் என்னதான் செய்கிறார்?

களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகிறது. அதை எறிவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவெடுத்தாக வேண்டும். எதிரே நூற்றைம்பது கிலோ ஆட்கள் அவரைக் கீழே சாய்க்க ஓடிவந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு விதியை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தோடு ஓடும் குவார்ட்டர்பேக் காலை முன்நீட்டித் தரையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டால், அதன்பிறகு அவரை யாரும் மோதக்கூடாது. இந்தக் கதை முழுக்க அந்தச் சறுக்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கல்லூரிக் காலத்தில் எப்படி ஆடினார்?

பெய்லர் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி. அங்கே போனவர் 2009இல் வலது முழங்காலின் ஜவ்வு கிழிந்து அந்த ஆண்டை இழந்தார். நம்மூரில் ஜவ்வு என்று சொல்கிறோமே, ஏ.சி.எல். எனப்படும் அந்தத் தசைநார்தான். முதல் கிழிவு அது. திரும்பி வந்து 2011இல் 4,293 யார்டு எறிந்தார், 37 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது). எதிரணி பிடித்துக்கொண்டவை ஆறே ஆறு. ஒக்லஹோமா அணியைப் பெய்லர் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆட்டம் முடிய எட்டு விநாடி இருக்கும்போது 34 யார்டு டச் டவுன் எறிந்து 45-38 என்று அந்தக் கணக்கைத் தீர்த்தார்.

அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பை, அதாவது கல்லூரி ஆட்டத்தின் ஆகப்பெரிய விருது, அவருக்குக் கிடைத்தது. பெய்லருக்கு அதுவே முதல் ஹைஸ்மன். விருது விழாவுக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, காலில் சூப்பர்மேன் காலுறை மாட்டிக்கொண்டு வந்தார். காலுறையின் பின்னால் குட்டிச் சிவப்புத் துணி வேறு தொங்கியது. ஊரே அவரைக் காதலித்ததற்கு அந்தக் காலுறையும் ஒரு காரணம்.

வாஷிங்டன் அவருக்குக் கொடுத்த விலை என்ன?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்று பெயர். 2012இல் முதல் இடம் இண்டியானாபொலிஸ் அணிக்கு, அவர்கள் ஆண்ட்ரூ லக்கை எடுக்கப்போவது ஊரறிந்த விஷயம். இரண்டாம் இடம் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் கையில் இருந்தது. அதை வாங்க வாஷிங்டன் அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்தது. ஓர் இளைஞனுக்காக மூன்று ஆண்டு விளைச்சலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததுபோல.

அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில், 102ஆம் இடத்தில், கர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் வாஷிங்டன் எடுத்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கியவர் இருக்க இன்னொருவர் எதற்கு என்று அப்போது பலரும் கேலி செய்தார்கள்.

2012 சீசன் அவ்வளவு பெரிதாகப் பேசப்படுவது ஏன்?

முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்கிவிட்டது. 2012 செப்டம்பர் 9, நியூ ஆர்லியன்ஸ். சக வீரர் பியர் கார்சோனுக்கு எறிந்த பந்து 88 யார்டு டச் டவுனாக முடிந்தது. எறிந்த கையோடு கீழே தள்ளப்பட்ட கிரிஃபின், தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். மறுநாள் நாடு முழுக்க ஆட்கள் அதேபோல் உட்கார்ந்து கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 40-32 என்று வாஷிங்டன் வென்றது, அவர் கணக்கில் 320 யார்டு.

அக்டோபரில் மின்னசோட்டாவுக்கு எதிராக 76 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். கடைசி இருபது யார்டில் பின்னால் துரத்தியவர்கள் துரத்துவதையே விட்டுவிட்டார்கள். 3 வெற்றி, 6 தோல்வி என்று கிடந்த அணி, அதன்பிறகு தொடர்ந்து ஏழு ஆட்டங்களை வென்று 1999க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கிரிஃபினின் கணக்கு: 3,200 யார்டு, 20 டச் டவுன், 5 மட்டுமே எதிரணி கையில். காலால் ஓடியது 815 யார்டு, அறிமுக குவார்ட்டர்பேக் யாரும் அதுவரை ஓடாத தூரம். ஆண்டின் சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் விருதும் அவருக்கே.

அது கிரிஃபினின் திறமையா, பயிற்சியாளர் போட்ட திட்டமா?

எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹன், டென்வர் அணிக்கு இரண்டு சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதிப் போட்டி, வென்று கொடுத்தவர். தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் அவர் மகன் கைல் ஷானஹன். பெய்லரில் கிரிஃபின் பழகியிருந்த உத்திகளை அவர்கள் என்.எஃப்.எல்.லுக்குக் கொண்டுவந்தார்கள். பந்து கைக்கு வந்ததும் கிரிஃபின் அதைப் பக்கத்தில் ஓடிவரும் ஆல்ஃபிரட் மோரிஸின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை எடுக்கமாட்டார். கண் எதிரணியின் ஓரத்துக் காவலர்மேல் இருக்கும். காவலர் மோரிஸை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு கிரிஃபினே ஓடிவிடுவார். காவலர் நின்ற இடத்தில் நின்றால் பந்து மோரிஸிடம் போய்விடும். யார் ஓடுகிறார் என்று தெரியாமல் பின்னால் நிற்கும் காவலர்கள் அரை விநாடி உறைந்து போவார்கள். அந்த அரை விநாடியில் அவர்களின் முதுகுக்குப் பின்னால் திறக்கும் இடத்துக்குத்தான் அவருடைய பாஸ்கள் பறந்தன.

ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட மோரிஸ் அந்த ஆண்டு 1,613 யார்டு ஓடினார். கிரிஃபினின் காலைப் பார்த்த பயம் மோரிஸுக்கும் பாதை திறந்தது என்றுதான் நான் சொல்வேன். 40 யார்டு தூரத்தை 4.41 விநாடியில் கடக்கும் கால் அது. எறிவதற்கு இடம் கிடைத்ததும் அந்தக் காலால்தான். அந்தக் கால் போனால் கையும் பாதி போய்விடும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

முழங்காலில் முதல் அடி எப்போது விழுந்தது?

2012 டிசம்பர் 9, பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்தோடு ஓடிய கிரிஃபின் சறுக்கவில்லை. ஹலோட்டி நாட்டா என்ற பெருத்த உருவம் வந்து மோத, வலது கால் சவுக்குபோல் சுழன்றது. வெளியே போனார், ஒரு முயற்சி கழித்துத் திரும்பி வந்தார், நொண்டிக்கொண்டே சில முயற்சிகள் ஆடினார், பிறகு முடியாமல் வெளியேறினார். எல்லாரும் கேலி செய்த கசின்ஸ் உள்ளே வந்து ஆட்டத்தைச் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் வாஷிங்டன் 31-28 என்று வென்றது. அடுத்த வாரமும் கசின்ஸ் ஆடினார், வென்றார். அதற்கடுத்த வாரம் கிரிஃபின் காலில் கவசம் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

ஏற்கெனவே அக்டோபரில் அட்லாண்டாவுக்கு எதிராகவும் இப்படித்தான். சறுக்க வேண்டிய இடத்தில் சறுக்காமல் தலையில் அடி வாங்கி வெளியே போனவர் அவர்.

2013 ஜனவரி 6 அன்று நடந்தது என்ன?

சியாட்டலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று, சொந்த மைதானம். மேரிலாந்தின் லேண்டோவரில் இருந்த அந்தக் களத்தில் புல் செத்து மண் தெரிந்தது. ஆட்டத்துக்குப் பிறகு அந்தத் தரையைத் திட்டாதவர் இல்லை.

தொடக்கம் கனவு. முதல் கால்பகுதியிலேயே இரண்டு டச் டவுன், 14-0. ஆனால் இரண்டாவது டச் டவுனுக்குச் சற்று முன், வலப்புறம் ஓடியபடி எறிந்தபோது அந்த வலது முழங்கால் மடங்கியது. அந்த நொடியிலிருந்து வேறோர் ஆள் ஆடுவதுபோல் இருந்தது. எறியும்போது உடல் எடையை அந்தக் காலுக்குக் கொடுக்கவே முடியவில்லை, பந்துகள் குட்டையாக விழுந்தன. ஓடவேண்டிய இடங்களில் தத்தித் தத்திப் போனார். அரங்கம் முழுக்க அதைப் பார்த்தது. கசின்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

கடைசிக் கால்பகுதி. சியாட்டல் 21-14 என்று முந்திவிட்டது. வாஷிங்டன் தன் 12 யார்டு கோட்டருகே பின்வாங்கிக் கிடந்தது. நடுவிலிருந்து வந்த பந்து தாழ்வாக, அவருக்கு வலப்பக்கம் விலகி வந்தது. எடுக்கக் குனிந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. முழங்கால் தானாக உள்பக்கம் வளைந்தது. பந்து தரையில் உருண்டுகொண்டிருக்க, பக்கத்திலேயே விழுந்து கிடந்தவர் அதை நோக்கிக் கையைக்கூட நீட்டவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அந்தக் கைக்குத்தான் போகும். சியாட்டல் பந்தை எடுத்துக்கொண்டது, 24-14 என்று ஆட்டம் முடிந்தது.

ஏ.சி.எல்., முழங்காலின் வெளிப்பக்கத் தசைநாரான எல்.சி.எல். இரண்டும் கிழிந்திருந்தன. மூன்று நாள் கழித்து டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவைச் சிகிச்சை செய்தார்.

வலியோடு அவரை ஆடவிட்டது யார் குற்றம்?

ஆடுவேன் என்று அவர் அடம்பிடித்தார், அவரை நம்பினேன் என்பது ஷானஹனின் நிலை. 22 வயது விளையாட்டு வீரனிடம் "உன்னால் முடியுமா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? டிசம்பரில் நடந்ததைப் பற்றியும் ஒரு சர்ச்சை உண்டு. திரும்பிப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்ததாக ஷானஹன் சொல்லியிருந்தார். அப்போது தான் காலைப் பரிசோதிக்கவே இல்லை என்று ஆண்ட்ரூஸ் சொன்னது, சியாட்டல் ஆட்டம் நடந்த அதே நாள் செய்தித்தாளில் வந்தது.

என் கணக்கில் பெரும் பங்கு பயிற்சியாளருக்கு. வெளியே எடுக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. இரண்டு ஆட்டத்தை நிமிர்த்திக் காட்டிய மாற்று ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அப்படியானால் முழங்கால்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

ஏட்ரியன் பீட்டர்சனைப் பாருங்கள். மின்னசோட்டாவின் ஓட்டக்காரர். 2011 டிசம்பர் 24 அன்று ஏ.சி.எல். கிழிந்தது, அதுவும் வாஷிங்டனின் அதே மைதானத்தில். மறு சீசனில் 2,097 யார்டு ஓடி, லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஆக, கிழிந்த முழங்கால் திரும்பி வராது என்பதில்லை.

ஆனால் அந்த உதாரணமே கிரிஃபினுக்கு வினையாயிற்று என்று நினைக்கிறேன். பீட்டர்சனைப்போல் நானும் முதல் வாரமே திரும்புவேன் என்று கிளம்பினார். காலணி நிறுவனம் ஒன்று அதையே விளம்பர வாசகமாக்கி, சட்டையில் அச்சடித்து விற்றது. தசைநார் ஆறுவதற்கும் விளம்பரத்துக்கும் ஒரே கெடு. பயிற்சி ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் 2013 செப்டம்பர் 9 அன்று நேராக ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக இறங்கினார். மூன்றாம் கால்பகுதியில் 33-7 என்று பின்தங்கிய அணி கடைசியில் 33-27 என்று தோற்றது.

ஒரு குவார்ட்டர்பேக் கூட்டத்துக்குள் நின்றபடியே எதிரணியைப் படித்து எறியக் கற்றுக்கொள்ள வேண்டிய கோடைக்காலம் அது. கிரிஃபினுக்கு அது முழுக்க நடைப்பயிற்சியிலும் கால் தேற்றுவதிலும் போய்விட்டது. 2012இல் கால் அவருக்குச் செய்துகொடுத்த வேலையை 2013இல் கண் செய்திருக்க வேண்டும். கண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. முழங்கால் போனது பாதி, அதற்குப் பதிலாக எதுவும் வளராதது மீதிப் பாதி என்று நான் சொல்வது இதைத்தான்.

ஷானஹனோடு சண்டையா?

இரு தரப்பும் இரண்டு கதை சொல்கின்றன. கிரிஃபின் தன்னை ஓடவைக்கும் திட்டங்களைக் குறைத்து, எறியும் ஆட்டக்காரராக நடத்தச் சொன்னார் என்றும், உரிமையாளர் டான் ஸ்னைடர் அவருக்குப் பின்னால் நின்றார் என்றும் ஷானஹன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிரிஃபின் அந்தக் கதையை ஒப்புக்கொண்டதில்லை. எது எப்படியோ, 2013இல் அவர் தொடங்கிய 13 ஆட்டங்களில் 3 வெற்றி, 10 தோல்வி. கடைசி மூன்று ஆட்டங்களுக்கு அவரை உட்காரவைத்தார் ஷானஹன், காயம்படாமல் காப்பாற்ற என்று காரணம் சொன்னார். ஜனவரியில் காட்டியிருக்க வேண்டிய அக்கறை டிசம்பரில் வந்தது. சீசன் முடிந்த மறுநாள் ஷானஹனுக்கும் வேலை போயிற்று.

புதிய பயிற்சியாளர் வந்தும் ஏன் தேறவில்லை?

2014இல் ஜே க்ரூடன் வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே கிரிஃபினின் இடது கணுக்கால் பிசகியது. திரும்பி வந்தபோது கூட்டத்துக்குள் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். 9 ஆட்டங்களில் 33 முறை பந்தோடு சாய்க்கப்பட்டார். அவருடைய கால் வைப்பு சரியில்லை என்று க்ரூடன் பத்திரிகையாளர் கூட்டத்திலேயே பட்டியல் போட்டார். உண்மையாகவே இருக்கலாம், அதைச் சொல்லும் இடம் அதுவல்ல.

2015 பயிற்சி ஆட்டத்தில் மறுபடியும் தலையில் அடி. கசின்ஸ்தான் இனி முதல் ஆள் என்று க்ரூடன் அறிவித்தார். அந்த சீசன் முழுக்க கிரிஃபின் ஒரு முயற்சிகூட ஆடவில்லை. 2016க்காக அவர் ஒப்பந்தத்தில் சுமார் 1.6 கோடி டாலர் இருந்தது. அடிபட்டால் மட்டும் அதைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்ற நிலை, அதனால் அணிக்கு அவரை இறக்கவே பயம். பயிற்சியில் எதிரணிக் காவலர் வேடத்தில் நின்று, கசின்ஸ் எறியும் பந்தை மறிக்க ஓடிக்கொண்டிருந்தார். அணி அந்த ஆண்டு பிரிவில் முதலிடம் பிடித்தது. 2016 மார்ச்சில் அவரை விடுவித்தது.

ராம்ஸ் அணி கேலி செய்தது என்கிறார்களே?

2014 டிசம்பர் 7. ராம்ஸ் வாஷிங்டனுக்கு வந்தார்கள். காசு சுண்டும்போது அணிக்குச் சில கேப்டன்கள் நடுவே போவது வழக்கம். கிரிஃபினுக்கு விலையாகக் கிடைத்த தேர்வுகளால் எடுத்த ஆறு வீரர்களைக் கேப்டன்களாக வரிசையாக நடக்கவிட்டார் ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். கிரிஃபின் அன்று மாற்று ஆள், ஓரத்தில் நின்றார். ராம்ஸ் 24-0 என்று வென்றது. குரூரம்தான், ஆனால் இதைவிடச் சுருக்கமாக யாரும் ஒரு விமர்சனம் எழுதியதில்லை.

அதே 2012 டிராஃப்டில் வந்த மற்றவர்கள்?

75ஆம் இடத்தில் போன ரசல் வில்சன், அந்த ஜனவரி ஆட்டத்தில் எதிரே நின்றவர், அடுத்த ஆண்டே சூப்பர் பவுல் வென்றார். 88ஆம் இடத்தில் போன நிக் ஃபோல்ஸ் 2018 பிப்ரவரியில் வென்றார். முதல் இடத்தில் போன ஆண்ட்ரூ லக் அடிமேல் அடி வாங்கி 2019இல், 29 வயதில், போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். கசின்ஸ் 2018இல் மின்னசோட்டாவிடம் மூன்று ஆண்டுக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார், முழுத்தொகைக்கும் உத்தரவாதத்தோடு.

வாஷிங்டனுக்குப் பிறகு?

கிளீவ்லேண்ட், 2016. முதல் ஆட்டத்திலேயே தோள் எலும்பு முறிந்தது. அந்த ஆண்டு அந்த அணி 15 ஆட்டம் தோற்று ஒன்றில் வென்றது. அந்த ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கிரிஃபின் ஆடியது. 2017இல் எந்த அணியிலும் இல்லை. 2018 முதல் 2020 வரை பால்டிமோரில் மாற்று ஆள். அங்கேதான் லமார் ஜாக்சன் வந்தார். கிரிஃபினைப்போலவே காலாலும் கையாலும் ஆடுகிறவர், 2019இல் லீகின் மிகச்சிறந்த வீரர். அவருக்காகவே ஓர் அணி முழுவதையும் கட்டினார்கள். கிரிஃபின் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு தொலைக்காட்சி வர்ணனை.

மொத்தம் தொடங்கிய ஆட்டங்கள் 42. வென்றவை 16, அவற்றில் 9 அந்த முதல் ஆண்டில்.

அவர் சாதனை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அறிமுக ஆண்டில் ஓடிய அந்த 815 யார்டு 2024வரை நின்றது. முறியடித்தவர் ஜேடன் டேனியல்ஸ், 891. அவரும் ஹைஸ்மன் வாங்கியவர், இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்டவர், எடுத்ததும் அதே வாஷிங்டன், இப்போது கமாண்டர்ஸ் என்ற பெயரில். டேனியல்ஸ் பந்தோடு வெளியே ஓடும்போதெல்லாம் "உட்கார், உட்கார்" என்று நான் திரையைப் பார்த்து முணுமுணுப்பது என் வீட்டாருக்குப் பழகிவிட்டது.

பழைய ஆட்டங்களில் எதைப் பார்க்கலாம்?

நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். சியாட்டல் ஆட்டத்தில் முதல் கால்பகுதி போதும், மீதியைப் பார்க்க மனம் வராது. இன்னொன்றை யாரும் சொல்லமாட்டார்கள்: 2019 டிசம்பர் 29, பால்டிமோர், பிட்ஸ்பர்க்குக்கு எதிராக. ரேவன்ஸ் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்திருந்ததால் லமார் ஜாக்சனுக்கு ஓய்வு. எதுவும் பணயமில்லாத ஆட்டம். கிரிஃபின் தொடங்கினார். எறிந்தது நூறு யார்டுகூட இல்லை. ஆனால் 50 யார்டு ஓடினார். ரேவன்ஸ் 28-10 என்று வென்றது.